முகம் காட்டாத பன்னிரண்டு நாள்

அத்தியாயம் 16

சசிதரன் போட்ட வீடியோவை இரண்டே நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பெற்றவள் சுகுணா மட்டும் பார்க்கவில்லை. மகன் போனை நீட்டியபோதெல்லாம், "கை வேலையா இருக்கேன், அப்புறம் பாக்குறேன்டா" என்று தட்டிக் கழித்தாள். 'சசி பார்வை' என்று பெயர் வைத்து அவன் வாரம் இரண்டு தடவை பேசுவதில் அவளுக்குப் பாதி புரியாது. புரிந்த பாதியை வீட்டிலேயே மூன்று வேளையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதிதாய் வந்த போன், செய்தி வாசிக்க வந்துவிட்ட கம்ப்யூட்டர் பொம்மை, அடிபட்டுக் கிடக்கிறவன் வாயிலேயே மைக்கைத் திணிக்கிற சேனல்காரர்கள் என்று எல்லாவற்றைப் பற்றியும் அவனுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. "இந்த ஊர்ல எனக்குன்னு சொந்தமா இருக்குறது அது ஒண்ணுதாம்மா" என்பான். பந்தலூர் பஜாரில் போன் ரிப்பேர் கடையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற இருபத்தாறு வயதுப் பையன் வேறென்ன சொல்வான்?

கரடிச்சோலை எஸ்டேட்டின் நிலைமை இத்தனை வாரமாய்ப் பார்த்து வருவதுதான். தேயிலைக்கு விலை விழுந்து, ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறது. சுகுணாவின் கணவன் சுரேந்திரன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் ஐந்து மாதமாகிறது. கீழ் டிவிஷனில் வெட்ட ஆளில்லாமல் தேயிலைச் செடி தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. இருக்கிற ஆளிலும் எவரைக் கழிக்கலாம் என்று ஹெட் ஆபீஸ் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் எடுக்கிற கொட்டகையில், முகம் பார்த்து வருகை பதிகிற டேப்லெட் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். எல்லோர் வாயிலும் அது டேப்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, சுகுணா அரிசி களைந்துகொண்டிருந்தபோது லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவிலிருந்து தெய்வம்மா கத்தினாள்.

"ஏ சுகுணா, ஓடியா! ஒன் மகன் டி.வி.யில வர்றான்!"

ஈரக்கையோடு ஓடினாள். தடதடவென்று மேளம், சிவப்பு எழுத்து, ஒரே ஆர்ப்பாட்டம். தேயிலைத் தோட்டம் என்று ஒன்றைக் காட்டினார்கள். நீல வானம், வெயில், முதுகில் மூங்கில் கூடை மாட்டிய பெண்கள் பல் தெரியச் சிரித்தபடி கொழுந்து பறித்தார்கள்.

"இது எந்த ஊருடி?" என்றாள் தெய்வம்மா.

"எங்கயோ. நம்மள காட்டினா எவன் பாப்பான்?" என்றாள் சுகுணா. நனைந்த ஸ்வெட்டரும் நைலான் சாக்குமாக நிற்கிறவர்கள் டி.வி.க்கு எதற்கு?

பிறகு சசிதரனின் முகம் வந்தது. சுகுணாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அது அரை நிமிஷம்கூட நீடிக்கவில்லை. திரையில் அவன் கை ஒரு போனைத் தூக்கி டேப்புக்கு நேராகப் பிடித்தது. போனில் ஒரு பெண்ணின் படம். டேப் உடனே பச்சை விளக்கு எரித்து, பெயர் காட்டியது.

அன்னக்கிளி.

அது சுகுணாவின் போனில் இருந்த படம்.

"இது ஜோடிக்கப்பட்ட வீடியோ என்று எஸ்டேட் நிர்வாகம் மறுத்திருக்கிறது. சம்பந்தப்பட்ட இளைஞர் மீது போலீசில் புகார் கொடுத்திருப்பதாகத் தெரிகிறது" என்று செய்தி வாசித்தவள் சொல்லி முடித்து, அடுத்து ஏதோ நடிகரின் கல்யாணத்துக்குப் போய்விட்டாள்.

அன்னக்கிளி கடைசிக் காம்பராக்காரி. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் கப்பலேறி வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. கம்பெனிக் காம்பராவை விட்டால் போக்கிடமும் கிடையாது. அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்ததை கூடக் கொழுந்து பறிக்கிற லயத்துப் பெண்களைத் தவிர வேறு யாரும் அறிய மாட்டார்கள். ஆபரேஷன் என்று ஆபீசுக்குத் தெரிந்தால் 'வேலைக்கு லாயக்கில்லை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வருஷம் அப்படி ஆறு பேரை அனுப்பியாயிற்று. லீவு கேட்காமல் பத்து நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டாலோ பேரையே வெட்டிவிடுவார்கள்.

அதனால்தான் அவள் கேரளாப் பக்கம் பத்தேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பன்னிரண்டு நாளும் சுகுணா அவள் படத்தை டேப்புக்குக் காட்டினாள். சூப்பர்வைசர் டீ குடிக்கத் திரும்புகிற நேரம் பார்த்து, முக்காட்டுக்குள்ளிருந்து போனை எடுத்து நீட்டினால் முடிந்தது வேலை. இதில் கம்பெனிக்கு ஒரு கொழுந்துகூட நஷ்டமில்லை. அன்னக்கிளியின் சாக்கு ஒன்றையும் எடுத்துப் போய், நிரையில், அதாவது கொழுந்து பறிக்கிற வரிசையில், நின்ற பதினான்கு பெண்களும் ஆளுக்கு இரண்டு கிலோ போல அதில் போட்டார்கள். சாயங்காலம் தராசில் அன்னக்கிளியின் எடை மற்றவர்களைப் போலவே இருந்தது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு செய்ததல்ல, நிரையில் வழி வழியாய் இருப்பதுதான்.

சுகுணா பெரட்டுக்களத்துக்குப் போனபோது அன்னக்கிளி ஏற்கெனவே மலைக்குப் போயிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு வேகமாய் நடக்க முடியாது. எல்லோருக்கும் முன்னால் கிளம்பி, வயிற்றில் கட்டிய பெல்டைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுவாள். சுகுணா அவளைப் பின்தொடர்வதற்குள் ஆள் வந்துவிட்டது. பெரிய கிளார்க் கூப்பிடுகிறாராம்.

மருதாசலம் கோயம்புத்தூர்க்காரர். எஸ்டேட் ஆபீசில் இருபது வருஷமாய் இருக்கிறார். கெட்டவர் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. நல்லவராய் இருக்க அவருக்கு வாய்ப்பும் அவ்வளவாகக் கிடைத்ததில்லை.

"வாங்க சுகுணாம்மா. உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். எஸ்டேட் ஆபீசில் கூலிக்காரிக்கு நாற்காலி என்றால் சமாச்சாரம் சரியில்லை என்று அர்த்தம்.

"ஏனுங்கம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. இந்தப் பொட்டி ஆளப் பாத்ததும் ஒரு போட்டோ புடிச்சு வெச்சுக்குதுங்க. இத்தன நாளா ஒருத்தரும் தொறந்து பாக்கல. வீடியோ வந்தப்புறம் நேத்து நான் பாத்தனுங்க."

கம்ப்யூட்டரைத் திருப்பினார். வரிசையாகப் பன்னிரண்டு அன்னக்கிளி. பன்னிரண்டிலும் அதே சேலை, அதே பொட்டு, அதே சிரிப்பு.

"அந்தப் பன்னண்டு நாளும் மழை கொட்டோ கொட்டுனு கொட்டுச்சுங்க. ஒருத்தி சிரிச்சுக்கிட்டே வேலைக்கு வருவாளுங்களா?"

மருதாசலம் திரையில் விரல் வைத்தார்.

"ஓரத்துல பாருங்க. ஒரு கட்டவெரலு."

தேயிலைக் கறை ஏறி, நகத்தோரம் வெடித்த கட்டைவிரல். சுகுணாவின் கை தானாக முந்தானைக்குள் போயிற்று. போய் என்ன? அந்த எஸ்டேட்டில் அப்படி விரல் இல்லாத பெண் ஒருத்தி கிடையாது. ஆனால் வீடியோ போட்டவன் அம்மா ஒருத்திதான்.

"ஐயா, கொழுந்து வந்துச்சா இல்லையா? அதச் சொல்லுங்க" என்றாள்.

"வந்துச்சுங்க. அது தராசுக்குத் தெரியும். இந்தப் பொட்டிக்குத் தெரியாதுங்களே." மருதாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாஞ் சொல்றதக் கேளுங்க. இந்தப் படத்த மேனேஜர் தொரையும் பாக்கல, ஹெட் ஆபீசும் பாக்கல. அவங்களுக்கு இப்போதைக்கு வீடியோதான் பிரச்சன. உங்க பையன் மூணு மணிக்குள்ள அது பொய்யின்னு ஒரு வார்த்த பேசிப் போட்டுட்டாருன்னா, புகாரும் வாபஸ், இதையும் நான் அழிச்சுப் போடறனுங்க. இல்லைனா ஒவ்வொரு போட்டோவா எடுத்துப் பாப்பாங்க. அப்புறம் அன்னக்கிளியம்மா பேரு நிக்காது. காம்பராவும் நிக்காது."

"எம் புள்ள சொன்னது நெசந்தானுங்களே ஐயா?"

"நெசந்தானுங்க" என்றார் மருதாசலம். "அதுல எனக்குச் சந்தேகமே இல்லீங்க."

பதினோரு மணி பஸ் பிடித்து சுகுணா பந்தலூர் போய்ச் சேர்ந்தாள். கடையில் சசிதரன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான்.

"அம்மா! சாயங்காலம் ஆறு மணிக்கு லைவ்ல பேசக் கூப்பிட்டிருக்காங்க. எதிர்ல நாலு பெரிய மனுஷங்க. ஒருத்தரு ஐ.ஏ.எஸ்ஸா இருந்தவராம்! நம்ம பெரட்டுக்களத்தப் பத்தி ஐ.ஏ.எஸ். பேசப்போறாரும்மா!"

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்து வருஷக் கணக்காயிற்று. பாலிடெக்னிக் முடித்து வேலை தேடிப் போன நாட்களில் இருந்தது. அதை அணைக்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

"எதுக்குடா பெரியம்மா படத்த எடுத்த?"

"எந்தப் பெரியம்மா?"

"அன்னக்கிளி அக்கா படத்த."

"ஓ, அதுவா? டேப் ஸ்கிரீன் உடைஞ்சு நம்ம கடைக்கு வந்துச்சுல்ல? அன்னிக்கு உன் போனையும் சார்ஜ் பின் மாத்த வெச்சிருந்தேன். அதுல அந்தப் படந்தான் பளிச்சுனு இருந்துச்சு. நாந்தானே எடுத்தேன்? ஏதோ கார்டுக்குன்னு சொன்ன."

"கார்டுக்கு இல்லடா" என்று ஆரம்பித்து, ஆஸ்பத்திரி, பன்னிரண்டு நாள், மருதாசலம், கட்டைவிரல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சசிதரன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"ஒங்கிட்ட சொல்றதும் தண்டோரா போடுறதும் ஒண்ணுதானேடா?"

சொன்னபிறகுதான் சுருக்கென்றது. அவன் எதையும் காட்டிக்கொள்ளாமல் கடைக்கு வந்த போன் ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"நான் சொன்னது நெசம்மா. பனியில நனைஞ்சு முக்காடு போட்டு நிக்கிற உசுருள்ள மனுஷிய அந்த டேப்பு தெரியலன்னு தள்ளுது. போட்டோவக் காட்டினா வா வான்னு எடுத்துக்குது. நாப்பது பேருக்கு அரைப்பேரு போயிருக்கு. உனக்கே மூணு தடவ போச்சு, வந்து அழுத. அதுக்காகத்தானே பேசினேன்?"

அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. அழுதது உண்மைதான்.

"இல்லைன்னு யாருடா சொன்னா? ஒரு வார்த்த மாத்திச் சொல்லிரு. எவன் ஞாபகம் வெச்சுக்கப் போறான்?"

"வெச்சுக்குவான். வேற எதையும் வெச்சுக்க மாட்டான், இத மட்டும் வெச்சுக்குவான். இந்த இன்டர்நெட்ட உனக்குத் தெரியாதும்மா. ஒருத்தன் நெசத்தச் சொன்னா கேட்டுட்டுப் போயிருவான். அவனே பொய்யின்னு சொல்லிட்டா திருவிழாவே எடுப்பான். நாளைக்கு நான் எதைச் சொன்னாலும், நீதானேடா அந்தப் பொய்யன்னு கேப்பான்."

"அக்காவுக்கு வீடு போயிரும் சசி."

"எனக்கு என்ன இருக்கும்மா? நான் பேசுற பேச்சு ஒண்ணுதானே இருக்கு?"

பஜாரில் ஜீப்காரர்கள் கூடலூருக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகனிடம் இதைக் கேட்க எந்தத் தாய்க்கும் உரிமை கிடையாது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அன்னக்கிளி மூட்டை முடிச்சோடு ரோட்டில் நிற்பதும் கண் முன்னால் தெரிந்தது. இரண்டில் ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்றால், மகன் பெயர் கெடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவள் பஸ்ஸிலேயே முடிவு பண்ணியிருந்தாள்.

ஒரு மணிக்கு முதலாளி சாப்பிடப் போனார். சசிதரன் எழுந்து கடையின் பின்பக்கம் போய்ச் சுவரோரமாக நின்றான்.

"போனப் பிடி" என்றான். "ஆட்டாம பிடி."

இரண்டு கையாலும் பிடித்தாள்.

"வணக்கம் சொந்தங்களே! நான் உங்க சசி. ஞாயித்துக்கிழமை நான் போட்ட அந்த வீடியோ உண்மையில்ல. நெறைய பேரு பாக்கணும்னு ஆசப்பட்டு நானே எடிட் பண்ணிப் போட்டேன். அந்த டேப்புல எந்தக் கோளாறும் இல்ல. எஸ்டேட் நிர்வாகத்துக்கிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

தடுமாறவில்லை. கண்ணைத் தாழ்த்தவில்லை. உண்மை பேசும்போது இருந்த அதே குரல், அதே சிரிப்பு. தன் பிள்ளைக்குப் பொய் இவ்வளவு நன்றாக வரும் என்று சுகுணாவுக்கு இத்தனை வருஷம் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

பழைய வீடியோவை அழித்தான். புதியதைப் போட்டான். மணி ஒன்றரை.

மருதாசலத்துக்கு அவள் போன் போட்டாள். மணி அடித்தே நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

"பாத்துட்டு அவரே கூப்பிடுவாரு" என்றான் சசிதரன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளோடு அவனும் கிளம்பினான். பஸ் வருவதற்குள் அவன் போன் அதிர ஆரம்பித்துவிட்டது. எடுத்துப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தான். கண்ணாடி இல்லாமல் எழுத்துக் கூட்டிப் படித்தாள். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டிருந்தார்கள். உன் அம்மாவும் தோட்டத்தில் வேலை செய்கிறவள்தானே, வெட்கமாயில்லையா என்று கேட்டிருந்தார்கள். மேலே படிக்காமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு சேனல்காரன் கூப்பிட்டு, ஆறு மணி நிகழ்ச்சிக்கு வர வேண்டாம் என்றான். தலைப்பை மாற்றிவிட்டார்களாம். பொய்ச் செய்தி பரப்பும் இளைஞர்கள் பற்றி அதே நாலு பெரிய மனிதர்கள் பேசப்போகிறார்களாம்.

"பாத்தியா?" என்றான் சசிதரன். "நாந்தான் சொன்னேனே?" அவன் அபிப்பிராயம் இந்தத் தடவையும் தப்பவில்லை.

லயத்தை நெருங்கும்போது நாலே கால். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆள் கலைகிற நேரம் இன்னும் ஆகவில்லை. ஆனால் அன்னக்கிளி தன் காம்பரா வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகம் கழுவித் துடைத்தது போல் தெளிவாக இருந்தது.

"என்னக்கா, ஒடம்பு முடியலயா? பாதியில வந்துட்ட?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல புள்ள. தம்பியும் வந்துட்டானா? நல்லதாப் போச்சு." அவள் சசிதரனின் கையைப் பிடித்தாள். "ஒன் மேல போலீசுல எழுதிக் குடுத்திருக்காங்கன்னு தெய்வம்மா மலையில வந்து சொன்னா. சாயங்காலம் நீ பேசப் போறதையும் டி.வி.யில போட்டாங்களாம். பொய்யின்னுல்ல சொல்லுறானுங்களாம்? எனக்குப் பொறுக்கல தம்பி. நம்மளுக்காகப் பேச இந்த லயத்துல நீ ஒருத்தன் இருக்க. மத்தியானம் கொழுந்த நிறுத்துப் போட்டுட்டு நேரா ஆபீசுக்குப் போயிட்டேன்."

"அக்கா..."

"இரு புள்ள, சொல்லிர்றேன். கிளார்க் ஐயா சாப்பிடப் போயிருந்தாரு. தொரை மட்டும் இருந்தாரு. அவருகிட்டயே சொல்லிப்புட்டேன். அந்தப் பய சொன்னதுல ஒரு எழுத்து பொய்யில்ல தொரை, நானே சாட்சி, பன்னண்டு நாளு நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன், எம் படந்தான் வேலைக்கு வந்துச்சுன்னு. நம்பாம பாத்தாரு. ஆஸ்பத்திரிச் சீட்ட எடுத்து மேசையில வெச்சுட்டேன்."

சுகுணா ஈர வாசலிலேயே உட்கார்ந்தாள்.

"படத்தக் காட்டினது யாருன்னு கேட்டாரு. ஒம் பேர நான் சொல்லல. நாளைக்குப் பெரட்டுக்கு முந்தி வந்து சொல்லிரணும், இல்லைன்னா நெரையில உள்ள பதினாலு பேரையும் நிப்பாட்டுவேன்னாரு. அத நாளைக்குப் பாப்போம். காம்பரா போனா போவுது. எனக்கென்ன, ஒத்தக் கட்ட. தம்பி சாயங்காலம் டி.வி.யில உக்காந்து பேசுறப்ப ஒருத்தன் அவனப் பொய்யன்னு சொல்லிறக் கூடாதுல்ல?"

சசிதரன் அவள் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பெரியம்மா" என்றான். "அது பொய்யின்னு நானே சொல்லிட்டேன்."

"எது?"

"நீங்க இப்ப நெசம்னு சொல்லிட்டு வந்தீங்களே, அது."

வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்து அன்னக்கிளி சிரித்தாள். பிறகு கீழே உட்கார்ந்திருந்த சுகுணாவைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

"எத்தன மணிக்குச் சொன்ன தம்பி?"

"ஒண்ணரைக்கு."

"நானும் அப்பதான் ஆபீசுக்குள்ள போனேன்" என்றாள் அன்னக்கிளி.